கடைசி டப்பாவை வாங்கிப்போகும் ஆள்

அத்தியாயம் 6

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ரீவா கோம்ஸ் தன் இன்ஹேலரைத் திருப்பி, அதன் முதுகிலிருந்த சின்ன ஜன்னலில் எண்ணைப் பார்த்தாள். ஆறு. காலையில் இரண்டு, ராத்திரி இரண்டு என்று இழுக்கிறவளுக்கு ஆறு என்றால் நாளை இரவு வரைக்கும்தான் மூச்சு. சனிக்கிழமைக்கு ஒன்றுமில்லை.

"எட்டு இருக்கும்னு நெனச்சேன்," என்றாள். "கணக்குல நான் எப்பவுமே வீக்கு."

ரீவா பள்ளிக்கூடச் சமையல்காரி. வயது முப்பத்தெட்டு. பிப்ரவரியில் மலைக்கு அந்தப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் தொண்டையில் குழாயோடு கிடந்துவிட்டு வந்தவள். இன்னொரு முறை அந்தக் குழாய் உள்ளே போனால் வெளியே வருமா என்று கேட்டபோது, அங்கிருந்த டாக்டர் பதில் சொல்லாமல் ஜன்னல் வழியே கார் நிறுத்துமிடத்தை வேடிக்கை பார்த்தாராம்.

எங்கள் ஸ்பைஸ் கிரீக் கிளினிக்கில் டாக்டர் என்பவர் மாதம் இரண்டு தடவை தோன்றி மறைகிற ஒரு நம்பிக்கை. மற்ற நாட்களில் எல்லாம் லவீனா ஸ்டிதம்தான். நர்ஸ், ஆனால் மருந்துச் சீட்டு எழுதும் உரிமை வாங்கிய நர்ஸ். காணாமல் போன மருந்தைக் கண்டுபிடிப்பதில் கென்டக்கியின் கிழக்கு மலைகளில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. நான் ஹோபர்ட் சைஸ்மோர். அவளுக்கு டிரைவர், உதவியாளர், தேவையில்லாத இடத்தில் வாய் திறப்பவன். சுரங்கத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தேன். என் நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தவன், உள்ளே இருக்கிற கரியை வைத்து ஒரு குளிர்காலம் ஓட்டலாம் என்றான். அந்த வாரமே சுரங்கக் கம்பெனி, அந்தக் கரி தங்களுடையது என்று நோட்டீஸ் அனுப்பியது. நோட்டீஸ் இன்னும் என்னிடம் இருக்கிறது.

லவீனா அப்போது காப்பீட்டுக் கம்பெனியோடு போனில் இருந்தாள். ஐம்பது நிமிடம் இசை கேட்டபிறகு பிராண்டன் என்று ஒரு பையன் கிடைத்திருந்தான்.

"பச்சை மூடி இன்ஹேலர் எங்க பட்டியல்ல இல்ல மேடம். பொடி மருந்துதான் இருக்கு. பேஷண்ட் அதுக்கு மாறிக்கலாமே."

"மாறலாம் தம்பி. ஆனா பொடிய உள்ள இழுக்கறதுக்கு மூச்சுல ஒரு வேகம் வேணும். அது இருக்கான்னு பாக்க எங்கிட்ட ஒரு விசில் இருக்கு. உறிஞ்சினா சத்தம் வரும். கேக்கறீங்களா? மொதல்ல, கரி தின்னே வளந்த ஒரு கெழவன்."

விசிலை என் வாயில் வைத்தாள். உறிஞ்சினேன். கோழிக்குஞ்சு கத்துகிற மாதிரி ஒன்று வந்தது.

"கேட்டுச்சா? இப்ப என் பேஷண்ட்."

ரீவா விசிலை வாங்கினாள். கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சினாள். கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. இன்னொரு தடவை. மூன்றாவது தடவை.

"எதுவும் கேக்கலையே மேடம்," என்றான் பிராண்டன்.

"அதையேதான் எழுதிக்கணும். நோயாளி உறிஞ்சினப்ப எதுவும் கேக்கலன்னு."

 அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் ஓசை. "அனுமதி குடுத்தாச்சு மேடம்," என்றான்.  நல்ல பையன்தான் போலிருக்கிறது.

"ஜெயிச்சாச்சு!" என்றேன்.

"எத மாமா ஜெயிச்சோம்?" என்றாள் லவீனா. எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் நான் மாமாதான். "வாங்கிக்கன்னு காகிதம் குடுத்திருக்காங்க. டப்பா எங்க?"

சிக்கல் அங்கேதான். பச்சை மூடியைச் செய்துகொண்டிருந்த கம்பெனி போன வருடம் ஒரு நாள் இனிமேல் செய்வதில்லை என்று சொல்லிவிட்டது. கிடங்கில் மிச்சமிருப்பது சொட்டுச் சொட்டாக வருகிறது. போன வருடம் எந்தக் கடை எத்தனை வாங்கியதோ அதே எண்ணிக்கைதான் இந்த வருடமும். ரீவா வாங்கிக்கொண்டிருந்த கடை கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் மூடிவிட்டது. கடையோடு அவள் பங்கும் போயிற்று. இப்போது கையில் இருப்பது பிப்ரவரியில் ஆஸ்பத்திரி கொடுத்தனுப்பியது. மெஷினில் ஊற்றிப் பிடிக்கிற திரவ மருந்து அடுத்த புதன்தான் வரும். மாத்திரை கொடுக்கலாமென்றால் பிப்ரவரியிலிருந்து தின்ற மாத்திரையில் ரீவாவுக்குச் சர்க்கரை ஏறி, முகம் முழுநிலா மாதிரி ஆகியிருந்தது.

"புதன் வரைக்கும் நான் மூச்ச அடக்கிக்கட்டா?" என்றாள் ரீவா. சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க நான்கு நிமிடம் ஆனது. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

லவீனா அன்று காலை முப்பது கடைகளுக்குப் போன் போட்டிருந்தாள். ஒரு கடையில் "கொஞ்சம் இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனவன் திரும்பி வருவதற்குள் கடை கைமாறி, புது முதலாளி எடுத்துப் பேசினார். முப்பத்தொன்றாவதாக அவள் கடைக்குப் போடவில்லை. மொத்த வியாபாரிக்குப் போட்டாள்.

"யாருக்குப் போகுதுன்னு நான் கேக்கல கண்ணு," என்றாள் அங்கிருந்த பெண்ணிடம். "எங்க மாவட்டத்துல எந்த அலமாரிலயாவது பச்சை மூடி வந்து ஒக்காருதா, அது மட்டும் சொல்லு."

"மாசம் ஒண்ணு போகுது மேடம். ஸ்லேட் ஃபோர்க் கடைக்கு. இந்த மாசத்து டப்பா இன்னிக்கு வண்டில வருது."

லவீனா போனை வைத்தாள். "மாமா, சாவி எடுங்க. மாவட்டத்துலயே கடைசி டப்பா. யாரோ மாசாமாசம் வாங்கிட்டுப் போறாங்க. அது யாரு?"

*

ஸ்லேட் ஃபோர்க் பதினான்கு மைல். சாலை அத்தனை வளைவு. ஒரு திருப்பத்தில் எனக்கு முன்னால் ஒரு பழைய டிரக் ஊர்ந்துகொண்டிருந்தது. ஓட்டுகிற கிழவனைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே அடுத்த திருப்பத்தில் பார்த்தால், அது நான்தான். லவீனா நம்பவில்லை. அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

கடையில் கோல்பி என்ற பையன் இருந்தான். நவம்பரில்தான் வந்தவன். சமவெளிக்காரன், மலையையே இப்போதுதான் பார்க்கிறான் என்பது முகத்தில் தெரிந்தது.

"பேரெல்லாம் சொல்ல முடியாது மேடம். சட்டம்."

"பேர் வேணாம் தம்பி. அந்த ஆளு நல்லா இருக்காரா?"

"நான் பாத்ததே இல்ல. வீட்டம்மாதான் வருவாங்க. அவரால வர முடியாதாம்."

"காப்பீட்டுல வாங்கறாங்களா?"

"அது செப்டம்பர்ல நின்னுபோயிருக்கு. அதுலேர்ந்து கைக்காசு." சொன்னபிறகு சொல்லியிருக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தான்.

இதெல்லாம் லவீனாவின் வேலை. என் வேலை கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரு தட்டில் அடுக்கு கேக். மெல்லிசாக ஏழு அடுக்கு, நடுவில் காய்ந்த ஆப்பிளை வேகவைத்து மசித்த கூழ். ஒரே ஒரு துண்டு மிச்சம்.

"தம்பி, இது எப்ப செஞ்சது?"

"திங்கக்கிழமை ஒரு அம்மா கொண்டாந்தாங்க சார். மருந்து வந்துச்சான்னு கேட்டாங்க. வியாழன்னு சொன்னேன். கேக்க வச்சுட்டுப் போனாங்க. ஒவ்வொரு மாசமும் எதாவது கொண்டாருவாங்க. நான் ஒல்லியா இருக்கேனாம்."

அடுக்கு கேக் மூன்றாம் நாள்தான் ருசி. கேக்குக்குச் சட்டம் இல்லையே என்று துண்டை வாயில் போட்டேன். தட்டில் கொஞ்சம் கூழ் ஒட்டியிருந்தது. வீணாக்குவானேன் என்று தட்டைத் தூக்கி நக்கினேன்.

எதிரே நின்ற லவீனா தட்டின் அடிப்பாகத்தைப் படித்தாள்.

எங்கள் பக்கத்தில் சாப்பாட்டுத் தட்டு வீட்டை விட்டுப் போனால் அடியில் ஒட்டு டேப்பில் பெயர் எழுதித்தான் போகும். இல்லாவிட்டால் ஒரு சாவு வீட்டுக்குப் போன கிண்ணத்தை அடுத்த சாவு வீட்டில்தான் திரும்பப் பார்க்கலாம். வெளியூர்ப் பையனுக்கு இது எப்படித் தெரியும்? சட்டப்படி வாயை மூடிக்கொண்டு, தட்டைத் திறந்து வைத்துவிட்டான்.

லவீனா என் கையிலிருந்து தட்டை வாங்கிக் கல்லாமேல் மெதுவாக வைத்தாள். அவள் முகம் ஒரு மாதிரி இருந்தது.

"தம்பி, கடைசியா ஒண்ணு. மருந்துச் சீட்டு சரியானதுதானா? போலி இல்லையே?"

"சுத்தமான சீட்டு மேடம். ஒரு வருஷத்துக்குத் திரும்பத் திரும்ப வாங்கிக்கலாம்னு எழுதியிருக்கு. ஜூலை வரைக்கும் செல்லும்." தயங்கினான். "எழுதினதே நீங்கதான்."

*

டிரக்கில் ஏறியும் அவள் கதவைச் சாத்தவில்லை.

"பச்சை மூடிய நான் நாலு பேருக்குத்தான் எழுதியிருக்கேன் மாமா. ஒருத்தர் ஒஹையோ போயிட்டார். ஒருத்தர் பொடிக்கு மாறிட்டார், அவர் மூச்சுல டிராக்டர் டயருக்கே காத்தடிக்கலாம். மூணாவது ரீவா."

"நாலாவது?"

"தட்டுக்கு அடியில என்ன பேர் இருந்துச்சு தெரியுமா? ஐனா ஸ்லோன்."

நான் சாவியைத் திருப்பவில்லை. நாலாவது ஆள் டென்வர் ஸ்லோன். இருபத்திரண்டு வருடம் அவனும் நானும் ஒரே ஷிப்டில் இறங்கி ஒரே ஷிப்டில் ஏறினோம். ஆகஸ்ட் மாதம் கடைசியில் அவன் சவப்பெட்டியின் இடதுபக்கப் பின்மூலையை நான்தான் தூக்கினேன்.

"அவரால வர முடியாதுன்னு சொல்லியிருக்கா," என்றேன். "பொய் சொல்லலயே அவ."

"விக்கிறாளோ?"

"ஐனாவா? அவ கோழி முட்டையே விக்கமாட்டா. கேட்டா ஓசில குடுத்துட்டு, இத்தன நாள் கேக்காம விட்டதுக்குத் திட்டுவா."

வண்டி மூன்று மணிக்கு வருகிறது. டப்பா வந்ததும் கடைக் கம்ப்யூட்டர் தானாகப் போன் போடும். எடுப்பவர் ஒன்றை அழுத்தினால் டப்பா அவர் பெயரில் எடுத்து வைக்கப்படும். வேண்டாமென்றால் அடுத்தபடி கேட்டவருக்கு. அடுத்தபடி கேட்டவர் என்ற இடத்தில் ரீவாவின் பெயரை லவீனா ஏற்கெனவே எழுதி வைத்துவிட்டு வந்திருந்தாள்.

"அப்புறம் என்ன?" என்றேன். "உள்ள போய்ப் பையன்கிட்டச் சொல்லிடு. ஆளு செத்து ஏழு மாசம் ஆச்சுன்னு. ஒரே வார்த்தை. வேலை முடிஞ்சுது."

"சொல்லலாம். சொன்னா போன் வராது. ஏன் வரலன்னு அவ அங்க தனியா ஒக்காந்து யோசிப்பா." கதவைச் சாத்தினாள். "அவர் போன அன்னிக்கே நான் கடைக்கு ஒரு போன் போட்டு அந்தச் சீட்ட நிறுத்தியிருக்கணும். மறந்துட்டேன். என் தப்ப, அவ முதுகுக்குப் பின்னாடி போய்ச் சரிபண்ண மாட்டேன். மூணு மணி வரைக்கும் பாப்போம். அவளா விடலன்னா நானே சொல்றேன். ரீவாவுக்கு அந்த டப்பா இன்னிக்கே வேணும்."

*

ஐனா கதவைத் திறந்தாள். எழுபது வயது, முதுகு கம்பு மாதிரி நேர்.

"ஹோபர்ட் சைஸ்மோர்! இன்னும் சாகலையா நீ?"

"வரிசைலதான் நிக்கறேன் ஐனா. ஆளுங்க நடுவுல பூந்து போயிடறாங்க."

சொன்ன பிறகுதான் யார் பூந்து போனது என்று எனக்கு உறைத்தது.  அவள் உள்ளே வரச்சொல்லி, கேட்காமலே பீன்ஸ் குழம்பும் சோள ரொட்டியும் வைத்தாள். மார்ச் மாதக் கடைசியானாலும் மலையில் குளிர் விடவில்லை. கரி அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அடுப்புக்கு மேலே ஒரு பலகை. பலகையில் டென்வரின் சுரங்கத் தொப்பி. தொப்பிக்குப் பக்கத்தில், சர்ச்சில் உட்கார்ந்திருப்பது மாதிரி ஒழுங்காக, ஆறு டப்பாக்கள். பச்சை மூடிப் படம் போட்டவை. ஒன்றுகூடப் பிரிக்கவில்லை.

லவீனா எழுந்துபோய் ஒரு டப்பாவைத் தொட்டாள். உடனே கையை எடுத்தாள்.

"எப்பவும் இங்கதான் வைப்பீங்களா?"

"ஆமா. குளுர்ல சில்லுனு அடிச்சா அவருக்கு இருமல் வந்துரும். வெதுவெதுன்னு இருக்கணும்."

லவீனா என்னைப் பார்த்தாள். எனக்கும் புரிந்தது. காற்றடைத்த டப்பாவைக் குளிர்காலம் முழுக்க அடுப்புமேல் வேகவைத்தால் அதற்குள் என்ன மிஞ்சும்? வீட்டுக்குப் போன மருந்தை வேறொருவருக்குக் கொடுக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆனால் சட்டம் வரைக்கும் போகவே தேவையில்லாமல் போயிற்று.

"எதுக்கு வந்தீங்கன்னு தெரியும்," என்றாள் ஐனா. மேசையில் உட்கார்ந்து கைகளை மடக்கிக்கொண்டாள். "நான் பைத்தியம் இல்ல லவீனா. அவர் செத்தது எனக்குத் தெரியும். குளிப்பாட்டினதே நான்தான்."

"தெரியும்க்கா."

"போன் வரும். மாசத்துக்கு ஒரு தடவ. மெஷின்தான், எனக்குத் தெரியாதா? ஆனா அது பேர் சொல்லும். டென்வர் ஸ்லோன்னு. முழுப் பேரும். இந்த ஊர்ல வேற யார் சொல்றீங்க? என்னப் பாத்தா மழையப் பத்திப் பேசறீங்க. ரோடு ரிப்பேரப் பத்திப் பேசறீங்க. பாதிரியார்கூட 'உங்க இழப்பு'ங்கறார். இழப்புக்கு ஒரு பேர் இருந்துச்சே. நீ இருபத்திரண்டு வருஷம் அவர் பக்கத்துல வேல செஞ்ச, ஹோபர்ட். ஏழு மாசத்துல ஒரு நாள் இந்தப் பள்ளத்தாக்குப் பக்கம் வந்தியா?"

  நான் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

"வேணும்னா ஒண்ண அமுக்கு, வேணாம்னா ரெண்ட அமுக்குங்கும்," என்றாள். "முதல் மாசம் ரெண்ட அமுக்கத்தான் விரல எடுத்துட்டுப் போனேன். முடியல. ஒண்ண அமுக்கினா அடுத்த மாசம் திரும்ப வரும்ல."

கடிகாரம் இரண்டு ஐம்பது.

லவீனா தன் நாற்காலியை நகர்த்தி அவளுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். "அக்கா, அந்த மருந்து இப்ப எங்கயும் கெடைக்கல. நம்ம மாவட்டத்துக்கே மாசம் ஒண்ணுதான் வருது. அது வேற ஒருத்தருக்கு வேணும். நாளைக்கு ராத்திரியோட அவங்ககிட்ட இருக்கறது தீந்துரும்."

"யாருக்கு?"

"பேர் சொல்லக் கூடாது."

"சரி. சொல்லாத." ஐனா கொஞ்சநேரம் அடுப்பையே பார்த்தாள். "ரீவா கோம்ஸ்."

துப்பறிகிறவள் லவீனா. பதினான்கு மைல், முப்பத்தொரு போன், ஒரு தட்டு. ஐனா உட்கார்ந்த இடத்திலிருந்து எழவேயில்லை.

"அவர அடக்கம் பண்றப்ப அவதான் பாடினா," என்றாள். "ரெண்டாவது சரணத்துல நின்னு, அந்தப் பக்கம் திரும்பி, ஒரு இழுப்பு இழுத்துட்டுப் பாடினா. எல்லாரும் அழறான்னு நெனச்சாங்க. எனக்கு அந்தச் சத்தம் தெரியாதா? முப்பது வருஷம் பக்கத்துல படுத்துக் கேட்டவளாச்சே." சட்டென்று நிறுத்தினாள். "பிப்ரவரில அவள ஆம்புலன்ஸ்ல கொண்டுபோனாங்களே."

லவீனா குனிந்து மேசைமேல் சிந்திய ரொட்டித் துகளைக் கூட்டினாள்.

"இது இல்லாமத்தானா?"

பொய் சொல்லத் தெரிந்த ஆள் அந்த அறையில் நான் ஒருவன்தான். எழுபத்து நான்கு வருடமாகத் தினமும் சொல்லி வந்திருக்கிறேன். வாயைத் திறந்தேன். அவள் கையை உயர்த்தி என்னை நிறுத்தினாள்.

எழுந்து போய் டப்பாக்களை ஒவ்வொன்றாகத் தொட்டாள். "செப்டம்பர். அக்டோபர். நவம்பர். டிசம்பர்." ஐந்தாவதில் விரல் நின்றது. "ஜனவரி," என்றாள். ஆறாவதைத் தொடவில்லை.

"சீட்ட எழுதினது நான்," என்றாள் லவீனா. "நிறுத்த மறந்ததும் நான். அத உங்க கணக்குல சேக்காதீங்க."

"ரெண்டு பேரும் பங்கு போட்டுக்குவோம்," என்றாள் ஐனா.

போன் அடித்தது.

எங்கள் பள்ளத்தாக்கில் செல்போன் எடுக்காது. சுவரில் மாட்டிய பழைய போன்தான். டென்வருக்குக் காது மந்தம் என்று ஸ்பீக்கர் வைத்தது. ஐனா கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டு, பொத்தானைத் தட்டினாள்.

"வணக்கம். இந்த அழைப்பு," என்றது ஒரு பெண் குரல். பிறகு யாரோ துண்டு துணியை ஒட்டுப்போட்ட மாதிரி வேறொரு குரலில், "டென்வர். ஸ்லோன்." மறுபடி முதல் குரல். "அவர்களுக்கு. உங்கள் மருந்து தயாராக உள்ளது. பெற்றுக்கொள்ள ஒன்றை அழுத்தவும். இனி தேவையில்லை என்றால் இரண்டை அழுத்தவும். மீண்டும் கேட்க ஒன்பதை அழுத்தவும்."

ஐனா ஒன்பதை அழுத்தினாள்.

"டென்வர். ஸ்லோன்."

மறுபடி ஒன்பது. லவீனா கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

"டென்வர். ஸ்லோன்."

ஐனா இரண்டை அழுத்தினாள்.

முடிந்தது என்று நினைத்தேன். குரல் நிற்கவில்லை.

"உங்கள் காரணத்தைத் தெரிவிக்கவும். மருத்துவர் மருந்தை நிறுத்தியிருந்தால் ஒன்றை அழுத்தவும். வேறு கடைக்கு மாறியிருந்தால் இரண்டை அழுத்தவும். நோய் குணமாகியிருந்தால் மூன்றை அழுத்தவும்."

காத்திருந்தோம். நான்காவது என்று எதுவும் வரவில்லை.

ஐனா திரும்பி லவீனாவைப் பார்த்தாள். "எத அமுக்கட்டும்?"

மூச்சைப் பற்றி இந்த மாவட்டத்தில் எவருக்கும் தெரிந்ததைவிட அதிகம் தெரிந்தவள் லவீனா. முப்பத்தொரு போன் போட்டவள். அவள் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

"இப்ப அவருக்கு இழுப்பு இல்லல்ல?" என்றாள் ஐனா.

"இல்லக்கா."

"ராத்திரி எழுந்து ஒக்கார வேண்டாம்ல?"

"வேண்டாம்."

ஐனா மூன்றை அழுத்தினாள்.

"நன்றி," என்றது குரல். "நீங்கள் நலமடைந்ததில் மகிழ்ச்சி. டென்வர். ஸ்லோன்."

அப்புறம் நீளமாக ஒரு 'கொய்ங்'. ஐனா அதையும் கடைசிவரை கேட்டுவிட்டு, பொத்தானை மறுபடி தட்டினாள். எங்கள் பக்கம் திரும்பவில்லை.

"கெளம்புங்க," என்றாள் சுவரைப் பார்த்தபடி. "அந்த ஒல்லிப் பையன் அஞ்சு மணிக்குச் சாத்திடுவான். ரீவா பாதிச் சரணத்துல நிக்கறா."